கையில்லாத ஸ்டிக்

1

போன மாதம் ஒரு சங்கத்தின் செயற்குழு என்னை அழைத்திருந்தது. அச்சக உரிமையாளர்களின் சங்கம். சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விவகாரம் அந்த ஒரு சங்கத்தோடு முடிந்துவிடும். நான் அச்சகம் நடத்தியவனல்ல. எண்பதுகளில் சில வருஷங்கள் புரூஃப் திருத்திப் பிழைத்தவன்; சிறுபத்திரிகை ஒன்று நடத்திக் கடன்பட்டவன். இந்த இரண்டு தகுதிகளையும் உத்தேசித்து, எழுத்துக்காரன் ஒருவனும் இருக்கட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். சங்கத்தின் முத்திரையைப் புதுப்பிப்பது அன்றைய பொருள்.

எழுந்து நின்று என் மறுப்பைச் சொன்னேன். பிறகு வந்த கூட்டக் குறிப்பில் ‘ஏகமனதாக’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிற சில நூறு பேருக்கு, முதலாளிகள் சங்கம் ஒன்றின் லெட்டர்பேடில் எந்தப் படம் இருந்தால் என்ன என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், அந்தப் புதிய முத்திரைக்காக வாதாடியவர் நம்மில் ஒருவராக இல்லாதிருந்தால். நல்ல கவிஞர். என் நண்பர். அவர் வாதாடிய பாஷையும் நம்முடையது. நாம் நாற்பது ஐம்பது வருஷங்களாக இந்தப் பக்கங்களில் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கிய சொற்களை அந்தக் கூட்டத்தில் கணக்குப்பிள்ளை ரசீது புத்தகத்தைத் தூக்குகிற மாதிரி அவர் எடுத்து நீட்டினார். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2

முதலில் பழைய முத்திரையைச் சொல்ல வேண்டும். ஒரு வட்டம். நடுவில் ஒரு கைப்பிரஸ். அதன் காலடியில் விரித்து வைத்த புத்தகம். மேலே குறுக்காக ஒரு கம்போசிங் ஸ்டிக். வட்டத்தைச் சுற்றிச் சங்கத்தின் பெயர், முழுதாக, தமிழில். கீழே ஒரு நாடாவில் ‘நாணயமே துணை’. அந்தத் துணையில் வருகிற ‘ணை’ பழைய ‘ணை’. 1978 அக்டோபரில் அரசாணை வந்து எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முந்தைய, தும்பிக்கை தூக்கிய ‘ணை’.

இதை அழகு என்று நான் சொல்ல மாட்டேன். அடைசல். கைப்பிரஸின் ஒரு கால் தரையில் படவில்லை. ஸ்டிக்கில் அடுக்கியிருக்கும் எழுத்துகள் நேராகப் படிக்கும்படி வரையப்பட்டிருக்கின்றன. ஸ்டிக்கில் எழுத்து இடம்வலம் மாறித்தான் நிற்கும் என்பது அச்சாபீஸில் டீ வாங்கிக் கொடுக்கிற பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். வரைந்தவர் வெளியாள், யாரும் திருத்தவுமில்லை. புரூஃப் பார்த்துப் பிழைக்கிறவர்களின் சங்கம் தன் முத்திரையின் புரூஃபைப் பார்க்காமலே விட்டிருக்கிறது. விசிட்டிங் கார்டு அளவுக்குச் சுருக்கினால் ஈ ஒன்று செத்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். எனவே மாற்ற வேண்டும் என்றதில் எனக்குச் சண்டையில்லை. பழையது என்பதற்காகவே கட்டிக்கொண்டு அழுகிற கூட்டத்தைச் சேர்ந்தவனல்ல நான். இந்தப் பத்திரிகையில் எழுதுகிற எவரும் அப்படி இருக்க முடியாது.

ஆனால் அந்த முத்திரையை வைத்து நடந்த ஒரு காரியத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரம். நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த அச்சகத்தின் சுவரில் சங்கத்தின் சுற்றறிக்கை ஒன்றை முதலாளி ஒட்டியிருந்தார். இந்த வருஷம் இவ்வளவுக்கு மேல் யாரும் போனஸ் தர வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்கிற அறிக்கை. தன்னிடம் கேட்காதீர்கள், சங்கம் சொல்லிவிட்டது என்பதற்காக ஒட்டினது. தலைப்பில் முத்திரை. எங்கள் மூத்த கம்போசிட்டர் அதன் முன்னால் போய் நின்றார். வருஷக்கணக்காக ஈயத்தைத் தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் கறுத்தவர். நிதானமாக, மரியாதையாகக் கேட்டார்:

“முதலாளி, படத்துல ஸ்டிக் இருக்கு. அதைப் பிடிச்சிருக்கிற கையைக் காணோமே?”

முதலாளியிடம் பதில் இல்லை. போனஸும் கூடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தச் சுற்றறிக்கை சுவரில் இல்லை.

அந்த முத்திரை பொய் சொன்னது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொழிலாளியின் கருவியை எடுத்து முதலாளி தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது அது. கருவியைத் தூக்கிக்கொண்டு கையை வெட்டிப் போட்ட படம். ஆனால் பிடிபடக்கூடிய பொய். அதில் ஒரு பொருள் இருந்தது. அந்தப் பொருளை அறிந்தவன் ஒருவன் வந்து அதன்முன் நின்று கேள்வி கேட்க முடிந்தது. ஒரு சங்கத்தின் முத்திரைக்கு இதைவிடப் பெரிய யோக்யதை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

3

புதிய முத்திரை நான்கு சொட்டுகள். ஆப்செட் அச்சின் நான்கு மைகள்: சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒன்றையொன்று துரத்துகிற பாவனையில் வட்டமாகச் சுழல்கின்றன. கறுப்பு ‘கனமாக’ இருக்கிறது என்று செயற்குழுவில் யாரோ சொல்லப்போய் அதைச் சாம்பலாக்கிவிட்டார்கள். தமிழ் வாசகன் அச்சில் எதைப் படித்தானோ அதையெல்லாம் கறுப்பில்தான் படித்தான். அந்தக் கறுப்புக்குத்தான் அச்சுக்காரர்களின் முத்திரையில் இடமில்லை.

சொட்டுகளுக்குக் கீழே சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள், பெரிதாக. அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி தமிழ்ப் பெயர். கூடவே தந்த கையேட்டில், சிறிய அளவில் பயன்படுத்தும்போது தமிழ் வரியை நீக்கிவிடலாம் என்று ஒரு குறிப்பு. ‘நாணயமே துணை’ எங்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன். நீளமாக இருக்கிறதாம்.

சொட்டுகளுக்கு அர்த்தமும் தந்தார்கள். வளர்ச்சி, இணைப்பு, புதுமை, நம்பிக்கை. எந்தச் சொட்டு எது என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் அங்கேயே கருத்து வேற்றுமை வந்தது. ஒரு படத்துக்கு எந்த அர்த்தத்தையும் எந்த வரிசையிலும் ஒட்ட முடிகிறது என்றால், அதற்கு அர்த்தமே இல்லை என்பதுதான் அர்த்தம். கையேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பெயரை விரலால் மறைத்துப் பேத்தியிடம் காட்டினேன். “தண்ணி கேன் கம்பெனியா தாத்தா?” என்றாள். பல் ஆஸ்பத்திரி என்றோ பெயிண்ட் கடை என்றோ சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

வரைந்த இளைஞன் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லப் போனால் அந்தக் கூட்டத்தில் உண்மையான கேள்வி ஒன்றைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். பழைய முத்திரையில் இருந்த ஸ்டிக்கைக் காட்டி, “இது என்ன சார், டப்பா மாதிரி?” என்றான். தலைவர், “அது ஏதோ பழைய சாமான்” என்றார். தன் தகப்பனார் அச்சகத்தில் சம்பாதித்துத் தந்த கட்டிடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அந்தப் பையனை ஒரு நாள் ஓர் அச்சகத்துக்குக் கூட்டிப் போய், ஒரு மூலையில் நிற்க வைத்திருந்தால் போதும், அவன் நான்கு சொட்டுகளை வரைந்திருக்க மாட்டான். ட்ரெடில் இன்றும் பல அச்சகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது: பில் புத்தகத்துக்கு எண் போட, அட்டை வெட்ட, மடிப்புக் கோடு போட. அதன் சத்தத்தையாவது அவன் கேட்டிருப்பான். யாரும் கூட்டிப் போகவில்லை. ‘மாடர்னா ஒண்ணு பண்ணிக் கொடுங்க’ என்று மட்டும் சொன்னார்கள்.

4

இந்த ‘மாடர்ன்’ என்ற இடத்தில்தான் என் நண்பர் எழுந்தார். சொல்லாமல் விடுவதுதான் நவீனம் என்றார். பொருளை அப்படியே வரைவது காலண்டர் ரசனை என்றார். மௌனம், எளிமை, அரூபம் என்றார். நவீன ஓவியர்கள் உருவத்தை விட்டு வெளியே வந்த மாதிரி இந்தச் சங்கமும் வெளியே வருகிறது என்றார். செயற்குழு கை தட்டியது. புரிந்து தட்டவில்லை. ஓர் எழுத்தாளர் தங்களை ஆமோதிக்கிறார் என்கிற சந்தோஷத்தில் தட்டியது.

நண்பருக்கு என் பதில் இது.

கவிதையில் ஒரு சொல்லை விடுகிறோம் என்றால் அந்தச் சொல் ஒரு சமயம் அங்கே இருந்தது. எழுதினோம், பார்த்தோம், அடித்தோம். அடித்த இடத்தில் அதன் பாரம் நிற்கிறது. வாசகன் உணர்வது அந்தப் பாரத்தைத்தான். எதையும் எழுதாதவனின் வெள்ளைத்தாளும் வெள்ளைதான். அதற்கு மௌனம் என்று பெயரில்லை. இந்த நான்கு சொட்டுகளில் எது விடப்பட்டிருக்கிறது? ஸ்டிக் விடப்பட்டதா? ஸ்டிக் என்றால் என்ன என்றே தெரியாதவர்கள் அதை எப்படி விட முடியும்?

அரூபம் என்று நண்பர் சொன்னபோது அவர் மனசில் ஆதிமூலம் இருந்திருப்பார். நம்மில் பலருடைய புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தமிழ் எழுத்தை வரைந்து கொடுத்தவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியை விடாமல் கோடுகளாக வரைந்தவர் அவர். ஒரே உடம்பை, ஒரே தடியை, ஒரே நடையை மறுபடி மறுபடி. வண்ணங்களின் அரூப வெளிக்கு அவர் பிறகு வந்தார். கை அறிந்த பிறகு கண் விட்டது. அவர் வரைந்த தமிழ் எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தை எவ்வளவு உடைத்தாலும் அது அந்த எழுத்தாகவே நிற்கும். ஏனென்றால் எங்கே உடைக்கலாம், எங்கே கூடாது என்பது அந்தக் கைக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் ஒரே பெயர் வைப்பது, நண்பரே, நமக்கு நாமே செய்துகொள்கிற அவமானம்.

5

அரூபமான முத்திரை எதுவுமே பொய் என்றும் நான் சொல்ல வரவில்லை. எதிர் உதாரணத்தை நானே தருகிறேன். கம்பளி ஸ்வெட்டர் வாங்கியவர்கள் பார்த்திருப்பீர்கள்: கறுப்புப் பட்டைகள் வளைந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரு நூல்கண்டு மாதிரி நிற்கும் ‘வுல்மார்க்’. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய தேசங்களின் ஆடு வளர்ப்பவர்கள் தங்கள் கம்பளியின் மேல் தீர்வை போட்டுக்கொண்டு 1937இல் உண்டாக்கிய பொது ஸ்தாபனம் ஒன்று, 1964இல் அதை வெளியிட்டது. செயற்கை இழைகள் கம்பளியைக் கடையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த காலம். வரைந்தவர் பெயர் ஃப்ரான்செஸ்கோ சரோலியா என்று பதிவாகியிருக்கிறது. நடுவர் குழுவில் இருந்த ஃப்ராங்கோ கிரிஞ்ஞானிதான் அசலில் வரைந்தவர் என்ற பேச்சும் வெகுகாலமாக உண்டு. யார் வரைந்தாலும் அதில் ஆடு கிடையாது, தறி கிடையாது. சுத்தமான கோடுகள்தான். லண்டனிலிருந்து வருகிற ஒரு வடிவமைப்புப் பத்திரிகை 2011இல் அதைத்தான் எல்லா முத்திரைகளிலும் முதலாவதாக வைத்தது.

ஆனால் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை நின்றது. இது சுத்தமான புதுக் கம்பளி. பரிசோதித்துப் பார்க்கலாம். கலப்படம் என்றால் முத்திரையைப் பிடுங்கிக்கொள்வோம். அதாவது, அந்த அரூபத்தின் முன் போய் நின்று, ‘இதில் நைலான் எவ்வளவு?’ என்று ஒருவர் கேட்கலாம். கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அரூபம் அது. நம்முடைய நான்கு சொட்டுகளிடம் என்ன கேட்பது? ‘வளர்ச்சி எவ்வளவு?’ என்றா?

இன்னும் பழைய உதாரணம், லண்டன் பொற்கொல்லர்களுடையது. 1300இல் ராஜாவின் சட்டப்படி வெள்ளிச் சாமான்களுக்குச் சிறுத்தைத் தலை முத்திரை வந்தது. அந்தத் தலை காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கிரீடம் இருந்தது, 1821இல் அது போயிற்று. முகம் மாறியதில் யாருக்கும் நஷ்டமில்லை. கவனிக்க வேண்டியது 1478இல் நடந்தது. அந்த வருஷம் சிறுத்தைத் தலையோடு ஓர் எழுத்தையும் அடிக்க ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு ஓர் எழுத்து. எதற்கு? வெள்ளி மட்டம் என்று பிறகு தெரிந்தால், அந்த வருஷம் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொன்னவர் யார் என்று கண்டுபிடித்துப் பிடிப்பதற்கு. முத்திரையைப் புதுப்பிப்பது என்றால் இதுதான் புதுப்பிப்பது. முத்திரைக்குள்ளேயே ஒரு மனிதனின் பொறுப்பை ஏற்றியது அது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு நகையிலேயே இருக்கிறது. 2021 ஜூலை முதல் தங்க நகை ஹால்மார்க்கில் அடையாளங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். குறைத்த கையோடு, ஒவ்வொரு நகைக்கும் தனியாக ஆறு இலக்க அடையாளம் ஒன்றைச் சேர்த்தார்கள். எண்ணிக்கை குறைந்தது, பொறுப்பு கூடியது. எளிமை என்றால் இது எளிமை.

6

நம் ஊரில் சங்கங்களுக்கு முத்திரை என்பது நேற்று வந்த வழக்கமில்லை. சோழர் காலத்திலும் அதற்குப் பின்னும் சித்திரமேழிப் பெரிய நாட்டார் என்று ஓர் அமைப்பு இருந்தது. உழவர்களின் மகாசபை என்று சொல்லலாம். மேழி என்றால் கலப்பை. அவர்களுடைய கல்வெட்டுகளில் எழுத்தோடு கூட ஒரு கலப்பையும் கல்லில் வெட்டப்பட்டிருக்கும். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டமும் இருந்தது. 1088இல் சுமத்ராவின் பாரூஸ் வரை போய்த் தமிழில் கல் நட்டவர்கள். சிவகங்கைச் சீமையின் பிரான்மலையில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், கோயிலுக்கு எந்தச் சரக்குக்கு எவ்வளவு கொடுப்பது என்று அவர்கள் ஒத்துக்கொண்டதை வெட்டி வைத்திருக்கிறார்கள். உப்பு, அரிசி, மிளகு, பாக்கு, இரும்பு, பஞ்சு, நூல் என்று ஒரு முழுச் சந்தையே அந்தக் கல்லில் இருக்கிறது.

இவர்களைப் புனிதர்களாக்க நான் தயாரில்லை. பெரிய நாட்டார் என்றால் நிலம் வைத்திருந்த பெரியவர்கள். அந்தக் கலப்பையைப் பிடித்த கை யாருடையது என்று எங்கள் கம்போசிட்டர் அங்கேயும் கேட்டிருக்கலாம். கலப்பை அங்கே இருப்பதால்தான் கேட்டிருக்கலாம். அதோடு அந்தக் கலப்பை தனியாக நிற்கவில்லை. பக்கத்திலேயே, நாங்கள் இன்னது தருகிறோம், இன்னதுக்குக் கட்டுப்படுகிறோம் என்ற வாசகம் நிற்கிறது. படமும் வாக்கும் ஒரே கல்லில். நம் சங்கத்தின் பழைய முத்திரையில் கைப்பிரஸும் ‘நாணயமே துணை’யும் ஒரே வட்டத்துக்குள் இருந்ததும், வரைந்தவனுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, அந்த மரபில்தான். வியாபாரத்தில் நாணயம் என்பது காசுக்கும் வாக்குக்கும் பொதுவாக நாம் வைத்திருக்கும் சொல். அதை நீளம் என்று சொல்லி வெட்டியவர்களுக்கு எதன் நீளம் உறுத்தியது என்று எனக்குத் தெரியும்.

7

உறுப்பினர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா, சந்தா கட்டுகிறார்கள், போகிறார்கள் என்று செயலாளர் சொன்னார். அமெரிக்காவில் வீடு, மனை விற்றுக் கொடுப்பவர்களின் சங்கம் 1908இல் சிகாகோவில் தொடங்கியது. ‘ரியல்டர்’ என்ற சொல்லே அவர்களுக்காக 1916இல் உண்டாக்கப்பட்டதுதான். 1973 முதல் ஒரு கட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து அவர்கள் முத்திரை. 2018 மே மாதம் தலைமை அதைப் புதுப்பித்து, எழுத்தைச் சாய்த்துக் கனசதுரமாக்கி வெளியிட்டது. பதின்மூன்று லட்சம் உறுப்பினர்கள். எங்களைக் கேட்டீர்களா, எவ்வளவு செலவு, எதற்கு இது என்று கிளம்பிவிட்டார்கள். தலைமை வெகு சீக்கிரமே பின்வாங்கி அதை நிறுத்தி வைத்தது. பழைய கட்டமே நிலைத்தது. தரகர்களுக்குக்கூடத் தங்கள் சட்டையில் குத்திக்கொள்கிற ஊசி யாருடையது என்பதில் ஒரு பிரக்ஞை இருக்கிறது.

இந்தச் சங்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1924இல் அவர்கள் எழுதி வைத்த ஒழுக்க விதிகளில், ஒரு குடியிருப்பின் மதிப்பைக் கெடுக்கும் என்று கருதப்படுகிற இனத்தவரை அங்கே கொண்டுவரக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஒழுக்க விதி! 2020 நவம்பரில்தான் சங்கத்தின் தலைவர், இனப் பாகுபாட்டில் சங்கத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். ஏறக்குறைய நூறு வருஷம். ஆனாலும் கேட்க வைக்க முடிந்தது. ஏனென்றால் அதே பெயர், அதே சங்கம். நீதானே அது என்று விரலை நீட்ட ஓர் இடம் இருந்தது. முத்திரை நீடிப்பது பெருமைக்காக அல்ல. பழியும் வந்து சேர ஒரு முகவரி வேண்டும்.

நம் சங்கத்துக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஈயத்தூளைச் சுவாசித்தவர்கள், வெளிச்சமில்லாத கேஸ் முன்னால் நின்று கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள், கணினி வந்தபோது ஒரு மாதச் சம்பளத்தோடு வெளியே அனுப்பப்பட்டவர்கள். இவர்களில் பலரை எனக்குத் தெரியும். இவர்கள் யாரிடமும் சங்கம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது முகத்தையும் மாற்றிக்கொள்கிறது.

8

தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தமிழ்ப் பெயருக்கு இடமில்லை என்றார்கள். 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்து வார்த்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்தது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை முடிக்கக் காகிதம் காணாது. காகிதத்துக்கு அலைந்துகொண்டிருந்த அந்த மனிதர்கள் தமிழைக் கைவிடவில்லை. இங்கேயே சிறிய எழுத்தை வார்த்துக்கொண்டு, 1715இல் வேலையை முடித்தார்கள். இடமில்லை என்ற பிரச்னைக்கு அச்சுக்காரன் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்த தீர்வு, எழுத்தைச் செதுக்குவது. இன்றைய அச்சுக்காரர்களின் சங்கம் கண்டுபிடித்திருக்கிற தீர்வு, தமிழை நீக்குவது. ‘ண’வுக்கும் ‘ழ’வுக்கும் வேண்டிய அகலத்தைத் தர மனமில்லாதவர்கள் எந்தப் பாஷையை அச்சடித்துச் சாப்பிடுகிறார்கள்?

மறுப்பது மட்டும் போதுமா, நீ என்ன தருவாய் என்று கேட்டார்கள். தந்தேன். கைப்பிரஸ் வேண்டாம், அதன் காலம் போய்விட்டது. நான்கு மைகளைக் காட்ட வேண்டுமென்றால், அந்த நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தாளின் ஓரத்தில் போடுகிற ரிஜிஸ்டர் மார்க் இருக்கிறது. வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி. எவ்வளவு சுருக்கினாலும் நிற்கும். அரூபம் வேண்டுமென்றால் அதைவிட அரூபம் கிடையாது. ஆனால் அது ஒரு சோதனை. ஒரு மை இம்மி விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். வேலை முடிந்ததும் வெட்டி எறியப்படுகிற ஓரத்தில், யாருக்கும் தெரியாமல் வேலையின் நேர்மையைக் காத்து நிற்கிற குறி அது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் ஓரத்தைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரலையும் கூட வரையுங்கள். கை வரட்டும். சுற்றிலும் பெயரைத் தமிழில் போடுங்கள். கீழே ‘நாணயமே துணை’. இன்றைய ‘ணை’யே இருக்கட்டும், தும்பிக்கைக்காக நான் அழவில்லை.

துப்பாக்கியில் குறி பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார் என் நண்பர். சிரித்தார்கள். அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் முதல் தொகுதி எங்கே அச்சானது, ஞாபகமிருக்கிறதா? இந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஒருவரின் ட்ரெடிலில். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவில், ராத்திரி நேரத்தில், கடனுக்கு. நம்முடைய நவீனம் முழுக்க அப்படித்தான் அச்சானது. நம் கவிதைகளை முதலில் படித்தவர்கள் விமர்சகர்கள் அல்ல, ஸ்டிக்கைப் பிடித்தவர்கள். ஒரு வரியைப் பாதியில் உடைத்தால், மேட்டர் விட்டுப்போச்சா சார் என்று கேட்டவர்கள். அந்தக் கையைப் படத்திலிருந்து நீக்குவதற்கு நம் பாஷையைக் கடன் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

என் பத்திரிகையின் கடைசி இதழுக்கான பில் என்னிடம் இன்னும் இருக்கிறது. பாக்கி நூற்று எண்பத்தாறு ரூபாய். அந்த அச்சகம் மூடி வெகுகாலமாகிறது. அதன் முதலாளி இருந்தவரை என்னிடம் கேட்டதில்லை. பில்லின் தலைப்பில் அந்த விகாரமான வட்டம், கைப்பிரஸ், கையில்லாத ஸ்டிக், நாணயமே துணை. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது கேட்கிறது.

நான்கு சொட்டுகள் என்னிடம் எதையும் கேட்காது. எனக்கு அது மிகவும் சௌகரியம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.